உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குக் கோடைக்கால ஆங்கில வாசிப்பு: கொழிஞ்சாம்பாறைப் பகுதி வாயனசாலை ஒன்றின் சேவை

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம் என்று தமிழ் பேசும் ஊர்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. இங்குள்ள பிள்ளைகளில் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், பேருந்திலும் அலுவலகங்களிலும் மலையாளம் கேட்கிறார்கள், தமிழ்வழிப் பள்ளியில் கேரள அரசின் பாடத்திட்டத்தைப் படிக்கிறார்கள். ஆங்கிலம் அவர்களுக்குப் பாடவேளையில் மட்டும் வந்து போகும் மொழியாகவே இருக்கிறது. மார்ச் மாத இறுதியில் தேர்வு முடிந்து பள்ளி மூடினால், ஜூன் தொடக்கத்தில் மீண்டும் திறக்கும் வரை ஓர் ஆங்கிலப் பத்தியைக்கூட முழுதாகப் படிக்காமல் இரண்டு மாதங்கள் கழிந்துவிடும். அந்த இரண்டு மாதங்களுக்கென்றே எங்கள் பகுதி வாயனசாலை (ஊர் நூலகம்) ஒன்று எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களுக்காக ஓர் ஆங்கில வாசிப்புச் சேவையை நடத்துகிறது. என் வீட்டிலிருந்து ஒன்பதாம் வகுப்பை முடித்த மகளும் எட்டாம் வகுப்பை முடித்த மகனும் அதில் சேர்ந்தார்கள். தன்னார்வலர்களின் உழைப்பில் நடக்கும் இடம் என்பதாலும், குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதாலும், அதன் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை தனக்குப் பொருந்தும் புத்தகத்தைத் தானே தேடி எடுக்கவும், பிடிக்காவிட்டால் காரணம் கேட்கப்படாமல் மாற்றிக்கொள்ளவும் இந்தச் சேவை இடம் தருகிறது. அந்த ஒன்றுக்காகவே இதில் பிள்ளைகளைச் சேர்க்கலாம். அந்தச் சுதந்திரத்துக்குக் குறுக்கே நிற்கும் இரண்டு ஏற்பாடுகளை வாயனசாலை மாற்றிக்கொண்டால், எல்லைப் பகுதித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பயனுள்ள கோடை ஏற்பாடு வேறு இருக்க முடியாது என்று நம்புகிறேன்.

கேரளத்தில் ஊருக்கு ஊர் வாயனசாலை இருப்பதன் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1945இல் பி. என். பணிக்கர் முன்நின்று திருவிதாங்கூரின் நூலகங்களை ஒரே சங்கமாக இணைத்தார். அங்கே தொடங்கிய கிரந்தசாலை இயக்கம் நாளடைவில் கேரளம் முழுவதும் பரவியது. அவர் மறைந்த ஜூன் 19ஆம் நாளை 1996 முதல் மாநிலமே வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறது. பள்ளி திறந்து சில வாரங்களில் வரும் அந்த நாளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்ய வேண்டும் என்ற எண்ணத்தில்தான் இந்தச் சேவையைத் தொடங்கியதாக நூலகர் சொன்னார்.

சேர்வது எளிது. பள்ளி அடையாள அட்டையின் நகலும், திரும்பப் பெறக்கூடிய ஒரு சிறு முன்பணமும் கொடுத்தால் போதும். ரேஷன் கார்டு கேட்பதில்லை. இது சாதாரண விஷயமாகத் தோன்றலாம். ஆனால் வீடு தமிழ்நாட்டுப் பக்கமும் பள்ளி கேரளப் பக்கமுமாக இருக்கும் பிள்ளைகள் இங்கே உண்டு, முகவரிச் சான்று கேட்கும் இடங்களில் அவர்கள்தான் முதலில் வெளியே நிற்பார்கள். அவர்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டு விதியை எழுதியவருக்கு நன்றி சொல்ல வேண்டும். வழக்கமாக மாலையில் மட்டும் திறக்கும் வாயனசாலை, ஏப்ரல், மே மாதங்களில் காலையிலும் வெயில் ஏறும் வரை திறந்திருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதியின் கோடையை அறிந்தவர்களுக்கு அந்த நேரத்தின் அருமை புரியும்.

புத்தகங்கள் மூன்று அலமாரிகளில் இருக்கின்றன. முதல் அலமாரியில் சொல்லளவு வரையறுத்து எழுதப்பட்ட படிநிலை வாசிப்பு நூல்கள், இரண்டாவதில் இந்தியர்கள் ஆங்கிலத்தில் எழுதிய கதைகள், மூன்றாவதில் பிற நாட்டு இலக்கியம். இந்த வரிசையைத் தீர்மானித்தவர் பிள்ளைகளின் தேவையை நன்றாக அறிந்தவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஏனென்றால் நம் பகுதியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஆங்கிலப் புத்தகம் வாங்கித் தருபவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு மூன்றாவது அலமாரியிலிருந்து தொடங்குவதுதான்.

முதல் அலமாரியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே பெரும்பாலும் இருப்பவை ஆக்ஸ்ஃபோர்டு புக்வோர்ம்ஸ் வரிசை நூல்கள். தொடக்கநிலை நூல்கள் ஏறத்தாழ 250 அடிப்படைச் சொற்களுக்குள் எழுதப்பட்டவை. முதல் படி 400, இரண்டாம் படி 700, மூன்றாம் படி 1,000, நான்காம் படி 1,400, ஐந்தாம் படி 1,800, ஆறாம் படி 2,500 என்று சொல்லளவு ஏறிக்கொண்டே போகும். சொற்களோடு இலக்கணமும் படிப்படியாகத்தான் கடினமாகிறது. பதினான்கு வயதுப் பிள்ளையின் கையில் ஐந்து வயதுக் குழந்தைக்கான படக்கதையைக் கொடுத்தால் அது கூச்சப்பட்டு மூடி வைத்துவிடும். இந்த நூல்களிலோ மொழி எளிதாக இருந்தாலும் கதை அந்த வயதுக்கு உரியது. கொலை, கப்பல் பயணம், பாழடைந்த மாளிகை, துப்பறிதல் என்று எல்லாம் உண்டு. ஷெர்லாக் ஹோம்ஸ் முதல் படியிலும் இருக்கிறார், நான்காம் படியிலும் இருக்கிறார். ஒரே துப்பறிவாளரைப் பின்தொடர்ந்தபடி ஒரு பிள்ளை நானூறு சொல்லிலிருந்து ஆயிரத்து நானூறு சொல்லுக்கு ஏறிவிட முடியும் என்பது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். முதல் படி நூல்கள் மெலிதானவை என்பதால் ஒரே அமர்வில் ஒன்றை முடித்துவிடலாம். என் மகன் தன் வாழ்நாளில் முதன்முதலாக ஓர் ஆங்கிலப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்தது இந்த அலமாரியிலிருந்து எடுத்ததைத்தான்.

எந்தப் படியில் தொடங்குவது என்பதை அறிய வாயனசாலையில் ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். புத்தகத்தின் நடுவில் ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து பிள்ளை மனத்துக்குள் படிக்க வேண்டும். பொருள் தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்க வேண்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரல்களும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகத்தை வைத்துவிட்டு ஒரு படி கீழே போக வேண்டும். இதற்கு ஆய்வின் ஆதரவும் உண்டு. துணையின்றி ஒரு கதையைப் புரிந்துகொண்டு படிக்க வேண்டுமானால் அதிலுள்ள நூறு சொற்களில் 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, நேஷன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. இருநூற்றைம்பது சொற்கள் கொண்ட ஒரு பக்கத்துக்கு அது சரியாக ஐந்து சொல் கணக்காகிறது.

அந்தச் சோதனை நடப்பதை அருகில் இருந்து பார்த்தேன். எருத்தேம்பதியிலிருந்து வந்திருந்த ஒரு பையன் மூன்றாவது அலமாரியிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து வந்தான். அரைப் பக்கத்துக்குள் ஒரு கையின் விரல்கள் முடிந்து மறு கையும் தொடங்கிவிட்டது. அவன் தலை நிமிராமல், "இது வேண்டாமுங்க டீச்சர், வேற எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டான். சோதனையை நடத்திய டீச்சர் கடிந்துகொள்ளவுமில்லை, அறிவுரை சொல்லவுமில்லை. "எடுத்துக்கோ கண்ணு, இது இங்கதான் இருக்கும், அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைத்தார். அவன் இரண்டாம் படி நூல் ஒன்றோடு திரும்பிப் போனான். பள்ளியில் பாடம் புரியாதபோது எந்தப் பிள்ளைக்கும் இப்படி வேறொன்றைக் கேட்க வழியில்லை. கோடை வாசிப்பின் பயன் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது அலமாரியில் என் மகள் நீண்ட நாள் தங்கிவிட்டாள். அதற்குக் காரணம் ஆர். கே. நாராயண் 1935இல் வெளியிட்ட முதல் நாவலான 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்'. திங்கட்கிழமை காலையில் கண் திறக்க மனமில்லாமல் படுத்திருக்கும் ஒரு பையனோடு அந்த நாவல் தொடங்குகிறது. செய்யாமல் விட்ட வீட்டுப்பாடம், கண்டிப்பான அப்பா, கதை கேட்கவும் சொல்லவும் ஒரு பாட்டி, சண்டையிட்டு நண்பர்களாகும் மணியும் ராஜமும், மட்டைக்கும் பந்துக்கும் திண்டாடும் ஒரு கிரிக்கெட் குழு என்று அதில் வருவதெல்லாம் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த உலகம். வாசிப்புக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை மகளின் பக்கத்தில் அமர்ந்து பார்த்தபோது உணர்ந்தேன். ஆங்கில நாவல் ஒன்றில் வீட்டின் அமைப்பு, உணவு, உறவுமுறை, வகுப்பறை எல்லாமே புதிதாக இருந்தால் தெரியாத சொல்லை ஊகிக்க எந்தப் பிடியும் கிடைக்காது. இந்த நாவல் நடக்கும் மால்குடி என்ற கற்பனை ஊரில் சூழல் முழுவதும் தெரிந்தது என்பதால், தெரியாத சொல்லை அந்தச் சூழலே விளக்கிவிடுகிறது. தலைமையாசிரியரின் பிரம்பு வரும் காட்சியில் அவளுக்கு இரண்டு மூன்று சொற்கள் தெரியவில்லை. ஆனாலும் நிறுத்தாமல் படித்து முடித்துவிட்டு, நடந்ததைத் தமிழில் பிசகில்லாமல் சொன்னாள். வாக்கியங்கள் சிறியவை, அத்தியாயங்களும் சிறியவை. ஒன்பதாம் வகுப்பு முடித்த தமிழ்ப் பிள்ளைக்கு மூலநூலாக ஓர் ஆங்கில நாவலைக் கொடுக்க வேண்டுமென்றால் இதையே முதலில் கொடுப்பேன்.

அதே அலமாரியில் ரஸ்கின் பாண்டின் 'தி ப்ளூ அம்ப்ரெல்லா' இருக்கிறது. கார்வால் மலைக் கிராமத்துச் சிறுமி பின்யாவிடம் வந்து சேரும் நீலக் குடையும், அதன்மேல் கடைக்காரர் ராம் பரோசா கொள்ளும் ஆசையும்தான் கதை. எட்டாம் வகுப்புக்கு மிகப் பொருத்தமானது, ஒரு பகல் பொழுதுக்குள் முடிந்துவிடும்.

மூன்றாவது அலமாரியைப் பற்றி என் எண்ணங்கள் கலவையானவை. ஆர்வெல் 1945இல் வெளியிட்ட 'அனிமல் ஃபார்ம்' பத்தே அத்தியாயங்கள் கொண்டது. நடை தெளிவானது, கதை நகர்ந்துகொண்டே இருக்கும். அதன் பின்னாலுள்ள ரஷ்ய அரசியலை அறியாத பிள்ளையும், சுவரில் எழுதிய சட்டங்கள் ஒவ்வொன்றாக மாறுவதைக் கண்டு கோபப்படும். பத்தாம் வகுப்புக்குப் போகும், ஓரளவு வாசிப்புப் பழக்கமுள்ள பிள்ளைக்கு இது ஏற்றது. ஹெமிங்வேயின் 'தி ஓல்ட் மேன் அண்ட் த சீ' எளிய சொற்களால் ஆனது என்று பலரும் பரிந்துரைக்கிறார்கள். சொற்கள் எளியவைதான். ஆனால் அத்தியாயப் பிரிவே இல்லாமல் ஒரே ஓட்டமாகப் போகும் நூல் அது. நாளுக்குச் சில பக்கம் படிக்கும் பிள்ளைக்கு எங்கே நிறுத்துவது, மறுநாள் எங்கே தொடங்குவது என்ற தடுமாற்றம் வருகிறது. ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு இதற்கு நேர்மாறாக, தேதி வாரியாகப் பிரிந்திருப்பதால் எங்கு வேண்டுமானாலும் நிறுத்தலாம். எழுதியவளும் இவர்கள் வயதுச் சிறுமி என்பதால் பெண்பிள்ளைகள் அதை விடாமல் படிக்கிறார்கள். கேரளத்தின் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் நாட்குறிப்பு எழுதச் சொல்லும் கேள்விகள் வருவதுண்டு. கையேட்டில் உள்ள மாதிரியை மனப்பாடம் செய்வதைவிட, உண்மையான நாட்குறிப்பு ஒன்று எப்படி இருக்கும் என்பதை இந்தப் பக்கங்களில் பார்த்துவிட்டுப் போவது நல்லது. ஜெரோம் கே. ஜெரோமின் 'த்ரீ மென் இன் எ போட்' நூலை இந்த வயதுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். 1889இல் வந்த அந்த நூலின் நகைச்சுவை தேம்ஸ் நதிக்கரை வாழ்க்கையையும் அக்கால ஆங்கிலேயப் பழக்கங்களையும் அறிந்தவருக்கே எட்டும், வாக்கியங்களும் நீளமானவை.

இனி குறைகள். சேவையில் சேரும் ஒவ்வொரு பிள்ளையும் அலமாரியிலிருந்து விரும்பியதை எடுக்கலாம் என்பதோடு, வாயனசாலை அறிவிக்கும் கட்டாயப் பட்டியலிலுள்ள புத்தகங்களையும் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கச் சுருக்கம் எழுதித் தர வேண்டும். மே மாத இறுதியில் குறிப்பேட்டைப் பார்த்துத்தான் சான்றிதழ் தருகிறார்கள். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் கோடைக்குப் பட்டியல் கொடுத்து, பள்ளி திறந்ததும் தேர்வோ கட்டுரையோ வைக்கும் வழக்கம் பரவலாக உண்டு, அதைப் பார்த்து வைத்த ஏற்பாடாக இருக்கலாம். நல்ல நோக்கத்தோடுதான் செய்கிறார்கள், ஆனாலும் விளைவு நல்லதாக இல்லை. குறிப்பேடுகள் சிலவற்றைப் புரட்டிப் பார்த்தேன். ஒரே வாக்கியங்கள் பல கையெழுத்துகளில் இருந்தன. பின்னட்டையில் அச்சிட்ட அறிமுகத்தை ஒருவர் எழுத, மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் இன்னொரு மெல்லிய நூலைப் படித்திருக்கலாம். என் மகன் குறிப்பேட்டுக்குப் பயந்து சில நாள் வாயனசாலைப் பக்கமே போகாமல் இருந்தான்.

பிள்ளைகளே தேர்ந்தெடுக்கும் புத்தகத்துக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கு அமெரிக்காவிலேயே சான்று இருக்கிறது. ரிச்சர்ட் ஆலிங்டன், ஆன் மெக்கில் ஃபிரான்ஸன் ஆகியோரும் உடன் ஆய்வாளர்களும் ஃபுளோரிடாவில் ஏழைக் குடும்பத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து மூன்று கோடைகளில், கோடைக்குப் பன்னிரண்டு புத்தகங்கள் வீதம் கொடுத்தார்கள். புத்தகக் கண்காட்சி வைத்து, பிள்ளைகளையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அப்படிப் புத்தகம் பெற்றவர்களின் வாசிப்புத் திறன், பெறாதவர்களின் திறனைவிடத் தெளிவாக மேம்பட்டிருந்தது என்று 2010இல் அவர்கள் வெளியிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் நம் பிள்ளைகளைவிட வயதில் சிறியவர்கள், ஆங்கிலச் சூழலில் வளர்கிறவர்கள் என்ற வேறுபாட்டை மறக்கவில்லை. ஆனாலும் அறிமுகமில்லாத மொழியில் தானாகப் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்குத் தேர்வுச் சுதந்திரம் இன்னும் கூடுதலாகவே தேவைப்படும். சுருக்கத்துக்குப் பதிலாக, படித்ததில் பிடித்த ஓர் இடத்தை வாயனசாலையில் வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொன்னால் போதும் என்று நூலகரிடம் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாவது குறை எங்கள் ஊர்களுக்கே உரியது. மூன்றாவது அலமாரிப் புத்தகங்களின் பின்னட்டையின் உட்புறத்தில் கடினச் சொற்களுக்குப் பொருள் எழுதிய தாள் ஒட்டியிருக்கிறார்கள். மிகுந்த உழைப்பில் செய்த வேலை அது. ஆனால் பொருள் மலையாளத்தில் மட்டுமே இருக்கிறது. தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் மலையாளத்தைக் காதால் நன்றாகப் புரிந்துகொண்டாலும், எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும். ஆங்கிலச் சொல்லில் நின்ற பிள்ளை அங்கேயும் நின்றால் கதை கைவிட்டுப் போகிறது. குறிப்புதவிப் பகுதியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் ஒன்று பழைய பிரதியாக இருக்கிறது. அருமையான நூல்தான், ஆனால் பிள்ளைகள் தூக்கிப் புரட்டுவதற்கு ஏற்ற அளவல்ல, வீட்டுக்குக் கொடுப்பதுமில்லை. கையடக்கமான ஆங்கிலம்–தமிழ் அகராதிகள் சில வாங்கி வைப்பதோ, தமிழிலும் பொருள்தாள் தயாரிப்பதோ கடினமான காரியம் அல்ல. இங்குள்ள தமிழாசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் கேட்டால் மறுக்கமாட்டார்கள். நானும் 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' நூலுக்குத் தமிழ்த் தாள் ஒன்று எழுதித் தர ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

புத்தகங்களின் நிலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். படிநிலை நூல்கள் அதிகம் புழங்கியதால் சில கிழிந்திருக்கின்றன. துப்பறியும் கதை ஒன்றில் கடைசித் தாளே காணவில்லை என்பது ஒரு பிள்ளைக்கு எவ்வளவு ஏமாற்றம் தரும் என்று எண்ணிப் பார்த்து உடனே மாற்ற வேண்டும். அதிகம் கேட்கப்படும் நூல்களுக்கு ஒரே பிரதிதான் இருக்கிறது. காத்திருப்போர் பெயரை எழுதும் ஏடு வைத்து முறை தவறாமல் கொடுக்கிறார்கள். கிடைக்காத நூலைப் பெற்றோர் கைப்பேசியில் எடுத்துக் கொடுக்கலாம். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்தால் பதிப்புரிமை முடிந்து நூல் பொதுவுடைமையாகிவிடுகிறது. ஆர்வெல் 1950இல் மறைந்ததால் அவர் நூல்கள் இங்கே அந்த நிலையை அடைந்துவிட்டன. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளின் மூல வடிவம் புராஜெக்ட் கூட்டன்பர்க் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, லிப்ரிவாக்ஸ் இணையதளத்தில் அவற்றை ஒலிவடிவில் கேட்கலாம். ஆனாலும் கைப்பேசியில் படிக்கும் பிள்ளையின் கவனம் வேறெங்கோ போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன், தாளில் அச்சிட்ட புத்தகமே இந்த வயதுக்கு நல்லது.

சனிக்கிழமைகளில் நடக்கும் உரத்த வாசிப்பு அமர்வு சேவையின் மற்றொரு நல்ல பகுதி. டீச்சர் ஒரு பத்தியைப் படிக்க, பிள்ளைகள் புத்தகத்தில் விரல் வைத்துப் பின்தொடர்கிறார்கள். அதன்பின் விரும்பியவர் மட்டும் படிக்கலாம், யாரையும் எழுப்பி நிறுத்துவதில்லை. பிழையாக உச்சரித்தால் அப்போதே திருத்தாமல், அடுத்த பத்தியைத் தாம் படிக்கும்போது அதே சொல்லைச் சரியாகச் சொல்லிக் காட்டுகிறார். மூன்று மொழிகளுக்கு நடுவே வாயைத் திறக்கவே தயங்கும் பிள்ளைகளுக்கு இந்த மென்மை மிகவும் தேவை. முதல் வாரங்களில் சுவரோரம் அமர்ந்திருந்த வடகரப்பதிப் பெண்பிள்ளைகள் இருவர், மே மாதத்தில் தாமாகவே முன்வந்து ஆளுக்கு அரைப் பக்கம் படித்தார்கள்.

அடுத்த கோடையில் பிள்ளைகளைச் சேர்க்க நினைப்பவர்கள், தேர்வு முடிந்த வாரத்திலேயே போய்விடுவது நல்லது. விஷுவுக்குப் பிறகு கூட்டம் கூடி, முதல் அலமாரி பாதி காலியாகிவிடுகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளையை முதல் அல்லது இரண்டாம் படியில் தொடங்கவிடுங்கள். பத்தாம் வகுப்புக்குப் போகும் பிள்ளையாக இருந்தாலும் விரல் சோதனையில் கீழ்ப்படி வந்தால் அதையே எடுக்கவிடுங்கள், உடன் நின்று தடித்த புத்தகத்தைக் கையில் திணிக்க வேண்டாம். காத்திருப்போர் ஏட்டில் 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' நூலுக்கு முதல் நாளே பெயர் எழுதி வைத்துவிடுங்கள். கட்டாயச் சுருக்கக் குறிப்பேடு அப்போதும் தொடர்ந்தால், சான்றிதழ் வேண்டாம், புத்தகம் மட்டும் போதும் என்று நூலகரிடம் சொல்லலாம். என் மகனுக்கு அப்படித்தான் கேட்டேன், தயங்காமல் சம்மதித்தார்.